செடியைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் யார்?

இத்தாலியின் லூகா கினி (1490–1556) என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். போலோன்யாவில் மருத்துவம் படித்து அங்கேயே மூலிகைப் பாடம் நடத்தியவர்.

அன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை செடிகளிலிருந்துதான் வந்தன. ஆனால் பழைய கிரேக்க நூல்கள் சொல்லும் செடி எது என்பதிலேயே குழப்பம். குளிர்காலத்தில் பச்சைச் செடியும் கிடைக்காது. கினி பூவும் இலையும் சேர்ந்த கிளையைத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரம் போனபின் அட்டையில் ஒட்டினார். நிறம் மங்கினாலும் இலை நரம்பும் இதழின் அமைப்பும் அப்படியே நிற்கும். எந்த மாதத்திலும் மாணவருக்கு எடுத்துக் காட்டலாம், தொலைவில் இருப்பவருக்கு அனுப்பலாம். கினியும் மூலிகை நூல் எழுதிய மருத்துவர் மத்தியோலிக்கு இப்படி அனுப்பியிருக்கிறார்.

அப்புறம், 1544 வாக்கில் பீசாவில் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தை அமைத்தார். உலகின் மிகப் பழைய தாவரத் தோட்டங்களில் அதுவும் ஒன்று.

வருத்தம் என்னவென்றால், அவர் சேர்த்த தொகுப்பு இன்று இல்லை. தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எதையும் அவர் வெளியிடவும் இல்லை. ஆனால் மாணவர் அல்ட்ரோவாண்டியின் தொகுப்பு போலோன்யாவில் இருக்கிறது. இன்னொரு மாணவர் செசால்பினோ, 1583-இல் கனி, விதைகளை வைத்துத் தாவரங்களை வகைப்படுத்தினார். நம் மயில்கொன்றையின் அறிவியல் பெயரில் வரும் சிசால்பினியா அவர் பெயரால் வந்ததுதான்.