சந்தையில் வாங்கிய கலர்க் கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. வீட்டிலேயே புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பெட்டி) செய்வது எப்படி?

மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்துவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய பனியனில் சுற்றி, குஞ்சுகள் இருக்கும் பெட்டியின் ஒரு மூலையில் படுக்கப் போடுங்கள். அவை தாமாகவே போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு அந்தச் சூடு தாங்கும். அதற்குள் இதைப் படித்து முடித்துவிடலாம்.

வாரச்சந்தையில் மகள் கேட்டாள் என்று பன்னிரண்டு குஞ்சு வாங்கினேன், மூன்று நாளில் ஐந்து செத்துவிட்டன, சாயத்தில் ஏதும் விஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சமுள்ள ஏழு குஞ்சுகளையும் அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே எல்.இ.டி பல்பு கட்டியிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த பல்பின் மேல்தான் சந்தேகம். எல்.இ.டி வெளிச்சம் கொடுக்கும், சூடு கொடுக்காது. உங்கள் குஞ்சுகள் நல்ல வெளிச்சத்தில் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கின்றன.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது. உடுமலைப் பக்கம் எங்கள் ஊர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். அப்படி ஒரு ஆடியில் இருபத்தைந்து நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி வந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி குண்டு பல்பு ஃபியூஸ் போய்விட்டது. கடையில் குண்டு பல்பு இல்லை, ஒன்பது வாட் எல்.இ.டி கொடுத்தார்கள், 'அறுபது வாட்டுக்குச் சமம்ங்க' என்றார்கள். வெளிச்சத்தில் சமம்தான். வீட்டுக்காரர் மாட்டிவிட்டுத் தூங்கப் போனார். விடிகாலையில் பார்த்தால் எல்லாம் ஒரு மூலையில் கும்பலாக ஏறிக் கிடக்கின்றன, அடியில் ஆறு குஞ்சு நசுங்கிச் செத்திருந்தன. குளிரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். குளிரால் நேரே சாவது போக, இப்படிச் சாவதும் உண்டு.

பழைய குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சூடாகத்தான் போகிறது. விளக்குக்கு அது வீண்செலவு, நமக்கு அதுதான் வேண்டும். இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. பழைய எலக்ட்ரிகல் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அல்லது கோழித்தீவனம் விற்கும் கடையில் கேளுங்கள்.

சாயத்துக்கு வருகிறேன். தெருவில் விற்கும் கலர்க் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள். சாயத்தில் நனைத்து, ஈரம் சரியாகக் காயும் முன்னே கூடையில் அடைத்து, வெயிலிலும் காற்றிலும் ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். அந்த ஈரத்தில் பிடித்த குளிரே பாதி உயிரைக் குடித்துவிடும். இன்னொன்றும் உண்டு. முட்டையிலிருந்து வெளியே வரும் முன்பு குஞ்சு மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு, மூன்று நாளைக்கு அதுவே கட்டுச்சோறு. தீனி இல்லாமல் வெளியூருக்கு அனுப்ப முடிவது அதனால்தான். நீங்கள் வாங்கும் நேரத்தில் அந்தக் கட்டுச்சோறு தீரும் தறுவாயில் இருக்கும். விறைத்துப்போன குஞ்சு தீனிப் பக்கமே போகாது, நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். சூடும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றால் மூன்றாம் நாள் சாயும். உங்கள் கணக்கும் மூன்று நாள்தானே.

பிறந்த குஞ்சின் மேல் இருப்பது பஞ்சு மாதிரி தூவிதான், இறகு இல்லை. பெரிய கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும், குஞ்சுக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி, அதையும் தானாகப் பிடித்து வைக்கத் தெரியாது. தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்கு அடியில் போய் ஐந்து நிமிடம் சூடேறிவிட்டு வெளியே ஓடி வந்து மேயும், மறுபடி உள்ளே போகும். இந்தப் போக்குவரத்துதான் முக்கியம். புரூடர் செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்தேன்.

ஆறு குஞ்சு செத்ததும் பயந்துபோய் அலைந்து திரிந்து இரண்டு நூறு வாட் குண்டு பல்பு வாங்கி, பெட்டிக்கு மேலே போர்வையையும் போட்டு மூடினேன். மதியம் அத்தை வந்து போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, 'அம்மிணி, இதுக குளுருக்குக் கத்துலீடா, வெந்துட்டுக் கெடக்குது பாரு' என்றார். குஞ்சுகள் எல்லாம் பல்பை விட்டு விலகி அட்டையோடு ஒட்டிக்கொண்டு, றெக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு மூன்று போயின. முதல் ராத்திரி குளிர், மறுநாள் சூடு. ஒன்றுக்கு ஒன்று எதிர்த் தப்பு, பலன் ஒன்றே.

ஆகவே பெட்டி முழுவதையும் சூடாக்காதீர்கள். ஒரு கோடியில் மட்டும் சூடு, மறு கோடி அறை மாதிரியே சாதாரணமாக இருக்க வேண்டும். நடுவில் குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். ஏழு குஞ்சுக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம் உள்ள பெட்டி தாராளம், ஃபிரிட்ஜோ டிவியோ வந்த அட்டைப்பெட்டி கிடைத்தால் அருமை. உயரம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, இரண்டாம் வாரமே பறக்கப் பழகும். மேல் பக்கத்தைத் துணியால் மூடாமல் கொசுவலையோ கம்பிவலையோ போடுங்கள். பூனைக்கும் பெருச்சாளிக்கும் கம்பிவலைதான் தாங்கும், கொசுவலையைக் கிழித்துவிடும். பக்கச் சுவரில் காற்று நேராக அடிக்காதபடி பெட்டியைச் சுவரோரம் வையுங்கள், கதவுக்கு எதிரே வேண்டாம்.

பல்பு எத்தனை வாட் என்று கேட்டால் எல்லோரும் 'குஞ்சுக்கு இரண்டு வாட்' என்பார்கள். பண்ணைக் கணக்கு அது. ஐந்நூறு குஞ்சு இருந்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு உதவும், ஆயிரம் வாட் போதும். ஏழுக்குப் பதினான்கு வாட் என்று போட்டால் ஏழும் போய்விடும். உங்கள் அளவுப் பெட்டிக்கு நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று, மார்கழிக் குளிரென்றால் அறுபது. முடிந்தால் இரண்டு நாற்பதைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஒன்றை உயரமாகத் தொங்க விடுங்கள். ராத்திரி ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று விடியும் வரை காப்பாற்றும். 

ஹோல்டர் பீங்கானில் வாங்குங்கள், மணிக்கணக்காக எரியும் பல்புக்கு மட்டமான பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். பல்பை ஒயரை மட்டும் நம்பித் தொங்க விடாமல் தனியாக ஒரு கம்பியிலோ சங்கிலியிலோ கட்டுங்கள். அது கழன்று உமியில் விழுந்தால் குஞ்சு மட்டும் போகாது, வீடும் போகும். அட்டைச் சுவரிலிருந்தும் ஒரு அடியாவது தள்ளியே இருக்கட்டும்.

தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் ஆரம்பியுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் குஞ்சின் முதுகு உயரத்தில், பல்புக்கு நேர் கீழே வைத்துப் பாருங்கள். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே போகலாம். குறைப்பதற்கு வாட்டை மாற்ற வேண்டாம், கம்பியை இரண்டு விரற்கடை மேலே தூக்கினால் போதும். சித்திரை வெயிலில் அறையே 36, 37 டிகிரி இருக்கும்போது பகலில் பல்பு எதற்கு? அணைத்துவிட்டு ராத்திரி மட்டும் போடுங்கள்.

ஆனால் தெர்மாமீட்டர் இல்லையென்று கவலைப்படாதீர்கள். என் அத்தைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, ஒரு குஞ்சைக்கூட அவர் சாக விட்டதில்லை. சத்தத்தைக் கேட்பார். பல்புக்கடியில் கும்பலாக நெருங்கி, இடைவிடாமல் கூர்மையாகக் கத்தினால் குளிர். விலகிச் சுவரோடு ஒட்டி, சத்தமே போடாமல் வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கத்தில், ஆனால் பல்புக்கு அடியில் இல்லாமல் ஒதுங்கி நின்றால் எங்கோ காற்று அடிக்கிறது. அங்கொன்று இங்கொன்றாகப் பரவிக் கிடந்து, காலை நீட்டிப் படுத்து, அவ்வப்போது மெல்லிசாகக் கீச்சிட்டால் சரி. ராத்திரி தூங்கப் போகும் முன் ஒரு முறை, நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஒரு முறை பாருங்கள். முதல் நான்கு நாள்தான் இந்தத் தூக்கக்கேடு.

கீழே போடுவதற்கு உமி அல்லது தென்னைநார்த் துகள் இரண்டு அங்குலம். முதல் மூன்று நாள் அதன்மேல் சாக்குத் துணி விரித்து வையுங்கள், தீனி எது உமி எது என்று தெரியாமல் உமியைத் தின்றுவிடும். செய்தித்தாள் விரிக்கும் வழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. வழவழப்பில் கால் சறுக்கிச் சறுக்கி இரண்டு பக்கமும் விரிந்து, நடக்க முடியாமல் போன குஞ்சைப் பார்த்திருக்கிறேன். உமி நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளி எறியுங்கள். மூக்கைப் பெட்டிக்குள் விட்டால் காரமாக ஏறுகிறதென்றால் குஞ்சுக்கு அதைவிட மோசமாக ஏறும்.

தண்ணீர் முதலில், தீனி பிறகு. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, சோர்ந்திருக்கும் குஞ்சின் அலகு நுனியை அதில் ஒருமுறை தொட்டு எடுங்கள். ஒன்று குடித்தால் மற்றவை பார்த்துக் குடிக்கும். வைக்கும் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் அதில் இறங்கி நனைந்து, மறுபடி குளிர். தீனிக்குக் குஞ்சுகளுக்கென்றே விற்கும் ஸ்டார்ட்டர் தீவனம் நல்லது, கிடைக்கும் வரை நொய்யும் உடைத்த கம்பும் சமாளிக்கும். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருக்கிறதா என்று தினமும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுக்க வேண்டும், பிய்த்து இழுக்கக் கூடாது. முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கச் சொட்டு மருந்து உண்டு, பக்கத்து கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மகள் குஞ்சைத் தொட்டு விளையாடட்டும், ஆனால் முத்தம் கொடுக்க விடாதீர்கள், கை கழுவாமல் சாப்பிடவும் விடாதீர்கள்.

கரண்ட் போனால் முதலில் சொன்ன பாட்டில் வைத்தியம்தான், இரண்டு பாட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். அடுப்பில் சுட்ட செங்கலைச் சாக்கில் சுற்றி வைத்தாலும் நெடுநேரம் தாங்கும். பழைய ஆட்கள் சட்டியில் கரி நெருப்பு வைப்பார்கள், திறந்த கொட்டகையில் அது சரி. மூடிய அறையில் வைத்தால் புகை தெரியாமலேயே குஞ்சையும் ஆளையும் மயங்க வைத்துவிடும், வேண்டவே வேண்டாம்.

ஊரில் யாரிடமாவது அடைக்கோழி இருந்தால் இத்தனைக்கும் தேவையே இல்லை. ராத்திரி இருட்டில், அது படுத்திருக்கும்போது, குஞ்சுகளை ஒவ்வொன்றாக அடியில் நுழைத்துவிட்டால் விடிந்ததும் தன் பிள்ளை என்றே நினைத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் இருக்கும் குஞ்சுதான் இதற்கு ஒத்துவரும், வயசானால் கொத்தித் துரத்தும். பச்சையும் ரோஸும் கலரில் இருப்பதைப் பார்த்து ஏற்குமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. என் தங்கை வீட்டில் ஏற்றுக்கொண்டது.

நாலாவது வாரத்தில் உடம்பு முழுக்க இறகு மூடியிருக்கும், அப்போது பகலில் பல்பை நிறுத்துங்கள், இரண்டு நாள் பொறுத்து ராத்திரியும் நிறுத்தலாம். மழைக்காலமென்றால் இன்னும் ஒரு வாரம் தள்ளுங்கள். கலர் அதற்குள் உதிர்ந்து, வெள்ளை இறகு எட்டிப் பார்க்கும். ஏழும் சேவலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நாலு மாதம் போனால் விடிகாலை நாலு மணிக்கு ஏழு தொண்டையும் சேர்ந்து கூவும், பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.