கதிர்வீச்சு கட்டிக்குத்தானே, வாய் ஏன் புண்ணாகிறது?

மண்டபம் ஊரில் உங்கள் அப்பாவுக்குத் தொண்டையில் கதிர்வீச்சு சிகிச்சை, மூன்றாவது வாரம் கஞ்சிகூட இறங்கவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பாம்பனில் எங்கள் சித்தப்பாவுக்கும் இதேதான், மீன்குழம்பு நாக்கில் பட்டதும் கண்ணீர் வந்துவிட்டது.

செல்லில் பெரும்பங்கு தண்ணீர். கதிர் அதிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்க்கும்போது உருவாகும் ஹைட்ராக்சில் துணுக்குகளும், சில சமயம் கதிரே நேரடியாகவும், டிஎன்ஏவை அறுக்கின்றன. அதை இரண்டு புரிக் கயிறாக நினையுங்கள். ஒரு புரி அறுந்தால் மற்றதைப் பார்த்துச் செல் சரிசெய்துவிடும், இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் சேர்ப்பது கஷ்டம், பெரும்பாலும் அடுத்துப் பிரியும்போது செத்துவிடும். தொண்டைக் கட்டிக்குப் போகும் கதிர் பக்கத்திலுள்ள வாயிலும் படுகிறது; வாயின் உள்தோல் செல்கள் வேகமாகப் பிரிபவை, அதனால்தான் சீக்கிரம் அடிபடுகின்றன. வழக்கமாகத் தினம் 2 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு) என்று பிரித்துக் கொடுப்பதே நல்ல செல்கள் இடையில் பழுது பார்க்கட்டும் என்றுதான். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் புண் ஆறும், வலிக்கு டாக்டரிடம் மருந்து கேளுங்கள், நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.