இறக்குமதித் தேனும் தேனீ நோயும்: கேள்வி பதில்

கேள்வி: வெளிநாட்டுத் தேனில் தேனீ நோய்க்கிருமி இருக்கலாம் என்கிறார்களே, சாப்பிடலாமா?

தாராளமாக. அமெரிக்கன் ஃபவுல்புரூட் எனும், தேனீயின் புழுக்களை அழுகவைத்துக் கொல்லும் நோயைத் தரும் பாக்டீரியா மனிதரை ஒன்றும் செய்யாது. (ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது. அந்தக் காரணமே வேறு.)

கேள்வி: அப்புறம் ஏன் பயம்? ஜாடியில் இருக்கும் தேன் தேனீக்கு எப்படிப் போகும்?

ஜாடியைக் காலி செய்தபின் என்ன செய்கிறோம்? மூடியில் ஒட்டிய தேனோடு வெளியே வீசுகிறோம். பூக்கள் குறைந்த நாளில் ஒரு தேனீ மோப்பம் பிடித்து வந்தால் போதும், ஆடிக் காட்டிக் கூட்டத்தையே அழைத்து வந்துவிடும். நக்கிய தேனோடு நோய் வித்துகளும் (அந்தப் பாக்டீரியா விதைபோல் உறங்கிக் கிடக்கும் வடிவம்) கூட்டுக்குள் போகும். செவிலித் தேனீ தரும் உணவின் வழியே அவை இளம்புழுவைச் சேரும். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத புழுவுக்குப் பத்து வித்துகளே போதும். வளர்ந்த தேனீக்கு எதுவும் ஆகாது, அதனால் சுமந்து வந்ததே தெரியாது.

கேள்வி: தேனைக் காய்ச்சிவிட்டால் சரியாகாதா?

ஆகாது. பாட்டிலில் அடைக்கும்போது காட்டும் சூடு இந்த வித்துகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கொதிநீரையும் தாங்கும், காய்ந்த அடையில் 35 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். தேனில் இவற்றை ஒழிக்க 10 கிலோகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக் காமாக் கதிர் பாய்ச்சுவது ஒரு வழி. வீட்டு அடுப்பில் முடிகிற காரியமல்ல.

கேள்வி: தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணியும் தேனில் வருமா?

வடிகட்டிய தேனில் வராது. அது தேனீயோடும் கூட்டோடும் வருவது.

கேள்வி: தேனீப் பெட்டியில் இந்தப் புழு அழுகல் நோய் வந்ததை எப்படி அறிவது?

அடையில் புழு வளரும் மூடிய அறைகளின் மூடி உள்வாங்கி, எண்ணெய்ப் பசையோடு, ஓட்டை விழுந்திருக்கும். ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டுக் கலக்கி மெதுவாக இழுங்கள். காப்பி நிறத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நூலாக நீண்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லாத மாதிரிதான். இருந்தாலும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதுவரை அடை கட்டிய மரச்சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு ஆபத்து என்றால் இறக்குமதியைத் தடை செய்யலாமே?

செய்கிற நாடுகளும் உண்டு. நியூசிலாந்து பெரும்பாலும் வெளித் தேனை உள்ளே விடுவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியா மற்ற ஆஸ்திரேலிய மாநிலத் தேனுக்கே கதவைச் சாத்துகிறது. ஆனால் நியூசிலாந்தில் இந்த நோய் 1877 முதலே இருக்கிறது. வாசலைப் பூட்டினாலும், பழைய பெட்டியை விலைக்கு வாங்கிச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்துகிறவர்கள் உள்ளேயே பரப்பிவிடுவார்கள். என் கணக்கில் அது ஜாடியைவிடப் பெரிய ஆபத்து.

கேள்வி: பூ இல்லாத நாளில் கடைத் தேனை ஊட்டலாமா?

வேண்டவே வேண்டாம். சர்க்கரைப் பாகு கொடுங்கள். காலி ஜாடியை வெந்நீரில் கழுவி மூடிப் போடுங்கள்.