லியரில் வரும் ‘கால்பந்து’ வசை

ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில், மன்னரின் விசுவாசியான கென்ட், மன்னர் மகளின் பணியாள் ஆஸ்வால்டை ‘பேஸ் ஃபுட்பால் பிளேயர்’ (base football player) என்று திட்டும் வரியை நீங்கள் மொழிபெயர்த்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிக்கல் முதல் சொல்லில்தான். ‘பேஸ்’ என்பதை ‘அடிப்படை’ என்று எடுத்ததால்தான் உங்களுக்கு ‘அடிப்படைக் கால்பந்து வீரனே’ என்று வந்திருக்கிறது. இங்கே அதற்கு இழிந்தவன் என்று பொருள். ‘பந்து உதைக்கிற ஈனப்பயலே’ என்று போட்டுப் பாருங்கள்.

கால்பந்து எப்படி வசையாகும் என்றும் கேட்டிருந்தீர்கள். அன்று அது தெருவில் முட்டிமோதும் முரட்டு ஆட்டம். 1314இலேயே லண்டனில் தடை போட்டார்கள். கனவான்கள் ஆடியது டென்னிஸ்.

சந்தேகமிருந்தால் சில வரிகள் மேலே போய்ப் பாருங்கள். ‘என்னோடு பார்வையைப் பேண்டி செய்கிறாயா?’ என்று லியர் ஆஸ்வால்டிடம் சீறுகிறார். பேண்டி, பந்தை மாறி மாறி அடிக்கும் டென்னிஸ் சொல். ராஜா டென்னிஸில் ஆரம்பிக்க, கென்ட் அதைக் கால்பந்துக்கு இறக்கி, ஆஸ்வால்டின் காலையும் இடறிவிடுகிறான். பொல்லாத ஆள்!

ஒன்று மட்டும்: ‘வீரன்’ வேண்டாம், இன்றைய பார்வையாளருக்குப் பாராட்டாகக் கேட்கும். ‘பொறுக்கி’ என்று பொதுவாகவும் முடிக்காதீர்கள். கால் இடறலும் பந்தும் சேர்ந்தால்தான் சிரிப்பு வரும்.

அப்புறம், இரண்டாம் அங்கத்தில் கென்ட் பொழியும் நீண்ட வசைமாரி வேறு ரகம். அங்கே ‘கம்பளிக் காலுறை’ என்பதே திட்டு. பட்டுக் காலுறைக்கு வக்கில்லாதவன் என்று அர்த்தம்.