ஒரு லட்சம் ரூபாய்க்குள் வீடியோ எடிட்டிங் கணினி அசெம்பிள் செய்ய எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்ப்போம். நீங்கள் எடிட் செய்யப்போகிற வீடியோ எந்தக் கேமராவில், எந்த ஃபார்மட்டில் எடுத்தது? கேள்வியில் அது இல்லை. பட்ஜெட் இருக்கிறது, பிரீமியர் (எடிட்டிங் மென்பொருள்) தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்று இருக்கிறது, நண்பர் எழுதிக் கொடுத்த பட்டியலும் இருக்கிறது: ஐ5 12400எஃப் (இன்டெல் பிராசஸர்), ஆர்டிஎக்ஸ் 4060 (என்விடியா கிராபிக்ஸ் கார்டு), ஒரே ஸ்டிக்கில் 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி. அந்த நண்பர் கேம் ஆடுகிறவர் என்று நினைக்கிறேன். கேமுக்கு இது நல்ல பட்டியல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கல்யாண வீடியோ எடிட்டிங்கில் இறங்கப்போகிறீர்கள் என்றால் இதில் ஓர் எழுத்து உங்களைப் படாதபாடு படுத்தும். 12400க்குப் பின்னால் இருக்கிற அந்த ‘எஃப்’.

நான் ஈரோட்டில் வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்கிறேன். கோபி, பவானி, பெருந்துறை பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் ஹார்டுடிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முழு வீடியோ, ஹைலைட்ஸ், இப்போது ரீல்ஸும் சேர்த்து முடித்துக் கொடுப்பேன். யூடியூபில் பாகங்களை வரிசையாக அடுக்கி வைத்து மார்க் போடுகிறவன் இல்லை. இந்தக் கணினி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபியில் எனக்கு வேலை கொடுக்கும் ஸ்டூடியோ அண்ணன் ஒருவர், உங்கள் பட்டியல் போலவே ஒரு கணினியை ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கினார். அதே 12400எஃப், அதே 4060, ரேம் மட்டும் 32 ஜிபி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. கல்யாண சீசன் தொடங்கும் நேரம். ஒரு நாள் இரவு போன் செய்தார். “தம்பி, இவ்வளவு காசு போட்டு வாங்கியும் தாலி கட்டுற சீன்ல படம் நின்னு நின்னு போகுதுங்க. கடைக்காரர் இன்னும் பெரிய கார்டு போடணும்ங்கறார். போட்டுடட்டுங்களா?”

“எதுவும் வாங்காதீங்கண்ணா, காலைல வர்றேன்” என்றேன்.

போய்ப் பார்த்தேன். சோனி ஏ7 4 கேமராவில் 4கே 50பி, எக்ஸ்ஏவிசி எச்எஸ் ஃபார்மட் (எச்.265 வகைச் சுருக்கம்), 10 பிட், 4:2:2 (நிற விவரத்தை 4:2:0வைவிட அதிகமாக வைத்திருக்கும் பதிவு முறை). மூன்று கேமராவை மல்டிகேமில் போட்டிருந்தார். கெட்டிமேளம் கேட்கிறது, படம் ஐயர் கையிலேயே நிற்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டேன். சிபியு, அதாவது பிராசஸர், 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஜிபியு (கிராபிக்ஸ்) பக்கத்தைச் சொடுக்கினால் ‘வீடியோ டிகோட்’ என்று ஒரு தனிக் கட்டம் இருக்கும். அதில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அத்தனை காசு கொடுத்து வாங்கிய கார்டு இந்த வீடியோவைத் திறப்பதில் துளிகூடப் பங்கெடுக்கவில்லை. அதே 40 வரிசையில் இதைவிடப் பெரிய கார்டைப் போட்டிருந்தாலும் அந்தக் கோடு அங்கேயேதான் கிடந்திருக்கும்.

காரணம் இதுதான். எச்.265 என்பது இடத்தை மிச்சப்படுத்தக் கடுமையாகச் சுருக்கி வைத்த வீடியோ. ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படமாக இருக்காது. முந்தைய, பிந்தைய ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற விவரம்தான் பெரும்பாலும் இருக்கும். டைம்லைனில் ஓர் இடத்தைத் தொட்டால் சுற்றியுள்ள ஃபிரேம்களையும் விரித்துத்தான் அந்த ஒரு படத்தைக் காட்ட முடியும். இந்த வேலைக்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி உண்டு. என்விடியா கார்டிலும் இருக்கிறது, இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸிலும் இருக்கிறது. ஆனால் என்விடியாவில் 30, 40 வரிசைக் கார்டுகளின் (4060 இதில் சேர்ந்தது) டிகோடர், அதாவது அந்தத் தனிப் பகுதி, 4:2:0 வீடியோவை விரிக்கும், 4:2:2வைத் தொடாது. அந்த வசதி 2025ல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெல்லிலோ 11ஆம் தலைமுறையிலிருந்தே உள்கிராபிக்ஸ் எச்.265 4:2:2 10 பிட்டை விரித்துவிடும். ‘எஃப்’ போட்ட பிராசஸர்களில் அந்த உள்கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைகிறதே என்று எஃப் வாங்குகிறார்கள், கடைக்காரரும் “கார்டுதான் தனியா போடறீங்களே, அது எதுக்கு” என்கிறார். எடிட்டருக்கு அதுதான் வேண்டும்.

அண்ணனை நம்ப வைக்க அதே கிளிப்பை என் வீட்டுக் கணினியில் போட்டுக் காட்டினேன். என்னிடம் இருப்பது எஃப் இல்லாத 12500, அப்போது தனி கார்டே போட்டிருக்கவில்லை. தடங்கல் இல்லாமல் ஓடியது. அவர் திரும்பத் திரும்ப ஸ்பேஸ்பாரைத் தட்டிப் பார்த்தார். மதர்போர்டை மாற்றவில்லை, கார்டை மாற்றவில்லை. அவர் பிராசஸரை விற்றுவிட்டு அதே சாக்கெட்டில் 12500 போட்டோம். அப்புறம் பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்பதை ஆன் செய்ய வேண்டும். தனி கார்டு செருகினால் பல போர்டுகளில் உள்கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடும். பிரீமியரில் பிரிஃபரன்சஸ், மீடியா என்று போனால் ஹார்டுவேர் டிகோடிங்கில் இன்டெல் என்ற பெட்டி வந்திருக்கும், அதை டிக் செய்து மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த சீசனில் அவரே உட்கார்ந்து ஹைலைட்ஸ் வெட்டுகிறார்.

12400ல் எஃப் இல்லாததையே வாங்கலாமே என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் அதில் இருப்பது யுஎச்டி 730, வீடியோ விரிக்கும் பகுதி ஒன்றுதான். 12500, 13500, 14500 மூன்றிலும் இருக்கும் யுஎச்டி 770ல் அது இரண்டு. மல்டிகேம் செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 13, 14ஆம் தலைமுறையில் ஐ7, ஐ9 பக்கம் போனால், அதிக வோல்டேஜால் பிராசஸர் பழுதாகும் சிக்கலுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து வெளியிட்ட மைக்ரோகோட் திருத்தங்களில் கடைசியானது பயாஸில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சோனியில் இன்னொரு விஷயம். எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264. அதில் 10 பிட் 4:2:2 எடுத்தால் இந்த இன்டெல் உள்கிராபிக்ஸும் கைகொடுக்காது, சுமை சிபியு தலையில்தான் விழும். எச்.264 கொஞ்சம் இலகு என்பதால் ஓரளவு ஓடும். 50 வரிசை என்விடியா கார்டு இதையும் விரித்துவிடும். கேமராமேன் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் எச்எஸ்ஸில் எடுக்கச் சொல்லுங்கள், செலவே இல்லாத அப்கிரேடு அது. செல்போன் வீடியோ, ட்ரோன் வீடியோ பெரும்பாலும் 4:2:0; உங்கள் வேலை அது மட்டும்தான் என்றால் நண்பர் கொடுத்த பட்டியலில் பிராசஸரும் கார்டும் அப்படியே போதும், நான் இதுவரை சொன்னதையெல்லாம் விட்டுவிடலாம்.

இப்போது ஏஎம்டி ரசிகர்கள் வருவார்கள். ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் மோசம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. 3டி வேலைக்கு, அடிக்கடி ரெண்டர் போடுகிறவர்களுக்கு, பின்னாளில் அதே போர்டில் புது பிராசஸர் போட நினைக்கிறவர்களுக்கு அதன் ஏஎம்5 சாக்கெட் நல்ல தேர்வு. ஆனால் ரைசன் 7000 வரிசையின் உள்கிராபிக்ஸ் 4:2:2வை விரிக்காது. ரைசன்தான் வேண்டும் என்றால் 50 வரிசை கார்டோடு சேர்த்து வாங்குங்கள், சிக்கல் தீர்ந்தது. “மேக் மினி வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே” என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: எம்4 மேக் மினி 2024ல் இங்கே 59,900 ரூபாய்க்கு வந்தது, இந்த 4:2:2வைச் சுலபமாகக் கையாளும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் ரேமைப் பிறகு ஏற்ற முடியாது, உள்ளே 256 ஜிபிதான், கேள்வி கேட்டவரும் அசெம்பிள் செய்வதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்.

சரி, கார்டு. கலர் கிரேடிங், எஃபெக்ட்ஸ், இருட்டு மண்டபத்தில் எடுத்ததற்கு நாய்ஸ் குறைப்பது, இதெல்லாம் கார்டின் வேலை. டாவின்சி என்ற எடிட்டிங் மென்பொருளில் செய்கிறவருக்குக் கார்டு இன்னும் முக்கியம். வாங்கும்போது பெயரில் உள்ள எண்ணைவிட விராம் (கார்டுக்கென்றே உள்ள மெமரி) அளவைப் பாருங்கள். 8 ஜிபி இருந்தால் 4கேயில் தொடங்கலாம். அதற்கு மேல் கிடைத்தால் நிம்மதி. இன்றைக்குப் புதிதாக வாங்கினால் 4060ஐ விட்டுவிட்டு 5060 பார்க்கலாம், 4:2:2 காரணம் ஒன்றே போதும். பணம் இறுக்கம் என்றால் எஃப் இல்லாத இன்டெல்லோடு கார்டே இல்லாமல் தொடங்கி, இரண்டு சீசன் சம்பாதித்துப் பிறகு போடுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

ரேம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன, குரூஷியல் என்ற பெயரில் நமக்கு விற்றுக்கொண்டிருந்த மைக்ரானே அந்த வியாபாரத்தை விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஆனாலும் 32 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், அதையும் இரண்டு 16ஆக வாங்குங்கள். ஒரே ஸ்டிக் போட்டால் ரேமின் வேகம் பாதிதான் கிடைக்கும், உள்கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் நம்பியிருக்கிறது. இந்த 12, 13, 14ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எஸ்எஸ்டி விஷயத்தில் பெட்டியில் போட்டிருக்கும் 7,000 எம்பி வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 200 எம்பிபிஎஸ் வீடியோ என்றால் விநாடிக்கு 25 எம்பிதான், மணிக்கு 90 ஜிபி. மூன்று கேமரா போட்டாலும் 75 எம்பி. சாதாரண என்விஎம்இ தாராளம். விலை குறைந்த க்யூஎல்சி வகையில் மட்டும் கவனம்: பெரிய ஃபோல்டரைக் காப்பி போட்டால் முதலில் பறக்கும், உள்ளே இருக்கும் வேகமான சின்னப் பகுதி (கேஷ்) நிரம்பியதும் சில மாடல்கள் ஹார்டுடிஸ்க்கைவிட மெதுவாகிவிடும். நடப்பு வேலை எஸ்எஸ்டியில், முடிந்த கல்யாணம் ஹார்டுடிஸ்க்கில், அதற்கு இன்னொரு பிரதி வேறொரு டிஸ்க்கில். ஒரு குடும்பத்தின் முகூர்த்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது, இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பவர் சப்ளைக்கு 80 பிளஸ் ஸ்டிக்கர் இருந்தால் போதும் என்று கடையில் சொல்வார்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று, உள்ளே பாதுகாப்பு எப்படி என்று அது சொல்லாது. நல்ல கம்பெனியின் 550 வாட், நீண்ட வாரன்டியோடு. 600 விஏ யுபிஎஸ் என்பது வழக்கமாக 360 வாட்தான், ரெண்டர் ஓடும்போது மானிட்டரும் சேர்ந்தால் இறுக்கமாகிவிடும்; 1,000 விஏ பக்கம் போங்கள். எங்கள் பக்கம் ஏப்ரல், மே வெயிலில் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் கண்ணாடி முகப்பு வேண்டாம், வலை முகப்பு கேபினட்டும் இரண்டு ஃபேனும் போதும்.

ஒரு லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்காததையும் சொல்கிறேன். இந்தத் தொழிலில் கணினிக்குப் போட்ட பணம் நினைத்த வேகத்தில் திரும்பி வராது. கல்யாண வீட்டார் ஸ்டூடியோவுக்கு முழுப்பணம் கொடுத்து ஆல்பத்தை வாங்கிப் போயிருப்பார்கள், எடிட்டருக்கு மட்டும் ஸ்டூடியோக்காரர்கள் “அடுத்த முகூர்த்தம் முடியட்டும் தம்பி” என்று தள்ளிக்கொண்டே போவார்கள். திருத்தம் என்று சொல்லி நாலு முறை பாட்டை மாற்றச் சொல்வார்கள், அதற்குத் தனிக் காசு கேட்டால் முகம் மாறும். இரவு முழுக்க உட்கார்ந்து வெட்டியவன் பெயர் வீடியோவில் எங்கும் வராது. எல்லா ஸ்டூடியோவும் இப்படி என்று சொல்லவில்லை, கோபி அண்ணன் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் டிஸ்க்கையே கொடுப்பார். ஆனால் பலர் இப்படித்தான். கடன் வாங்கிக் கணினி வாங்கப்போகிறீர்கள் என்றால் மாதத் தவணையைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம் என்பார்கள், வாரன்டிக்குப் போகும்போது அந்த பில்தான் முதலில் கேட்கப்படும்.

கேமரா மாடல் என்ன, மெனுவில் ரெக்கார்டிங் ஃபார்மட் என்ன போட்டிருக்கிறது என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். ஒரு கிளிப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ‘குரோமா சப்சாம்ப்ளிங்’ என்ற வரியில் 4:2:0வா 4:2:2வா என்று காட்டும், அதையும் சேர்த்துப் போட்டால் கார்டு வேண்டுமா வேண்டாமா என்று உறுதியாகச் சொல்கிறேன்.