கோர்டன்ஸ் ஜின் என்கிற மது பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில், பிங்க் என்று வருகிறதே, எது அசல்?

எல்லாமே அசல்தான். உங்கள் மச்சானோ பங்காளியோ ஏர்போர்ட்டில் வாங்கி வந்தது வெள்ளைக் கண்ணாடி பாட்டிலாக இருந்திருக்கும். படத்தில் பார்த்தது பச்சை. உடனே யாராவது டூப்ளிகேட் என்று சொல்லியிருப்பார்கள். கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டல் பாரில் ஒன்பது வருடம் நின்றவன் நான், இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன்.

பச்சை பாட்டில் இங்கிலாந்துக்குள் விற்பது, ஆல்கஹால் 37.5 சதவீதம். வெளிநாட்டுக்குப் போவது வெள்ளைக் கண்ணாடியும் மஞ்சள் லேபிளும். வீரியம் நாட்டுக்கு நாடு மாறும், 47.3 சதவீதம்கூட உண்டு. லேபிளைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

அலெக்சாண்டர் கோர்டன் 1769-ல் லண்டனில் தொடங்கிய கம்பெனி இது. 1898-ல் டாங்கரே என்ற இன்னொரு ஜின் கம்பெனியோடு சேர்ந்தது. மூலச் சரக்கு லண்டன் டிரை வகை. ஜூனிப்பர் காய், கொத்தமல்லி விதை, ஏஞ்செலிகா வேர் எல்லாம் போட்டு ஸ்பிரிட்டை மறுபடி வடிப்பார்கள். வடித்த பிறகு வாசனையோ நிறமோ சேர்க்கக் கூடாது. 2017-ல் வந்த பிங்க்கில் ராஸ்பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி வாசனை உண்டு, இனிக்கும். அதனால் அதை லண்டன் டிரை என்று சொல்ல முடியாது, அதற்காகப் போலி என்றும் ஆகாது. ஸ்லோ ஜின் வேறு, ஸ்லோ என்ற புளிப்புப் பழத்தை ஜின்னில் ஊறவைத்துச் செய்வது, 26 சதவீதம்தான். ஆல்கஹாலே இல்லாத பாட்டிலும் இருக்கிறது.

குடியை வளர்க்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் குடிப்பதில்லை. எனக்கு அது தொழில். அந்தத் தொழிலாலேயே இரண்டு இடத்தில் "சாராயம் ஊத்தறவனுக்கா பொண்ணு குடுக்கறது" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அப்பாருவுக்கும், அதாவது தாத்தாவுக்கும், அதில் கோபம். ஊருக்குப் போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

எங்களுக்கு உடுமலைப் பக்கம் கரிசல் காடு. ஐப்பசி மழைக்குக் கொத்தமல்லி விதைத்தால் அப்புறம் பனியிலேயே விளைந்துவிடும். ஒரு தை மாதம், களத்தில் மல்லி காய்ந்துகொண்டிருந்தது. நான் கொண்டுவந்திருந்த காலி ஜின் பாட்டிலை அப்பாரு எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"ஏங்கண்ணு, இதுல கொத்துமல்லியா போடறாங்க?"

எனக்குப் பேச்சே வரவில்லை. ஜூனிப்பரின் பிசின் வாசத்தைத் தாண்டி மல்லியைப் பிடிக்க நாங்கள் மாதக்கணக்கில் பழகுவோம். களத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, அதையும் பாட்டிலையும் மாற்றி மாற்றி முகர்ந்தார். எங்கள் மல்லிதான் லண்டனுக்குப் போகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் என் வேலையைக் குறை சொன்னதே இல்லை.

அன்று அவர் கேட்ட இன்னொரு கேள்வி: "அந்த ஊர்லயும் மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு புடிப்பாங்களா?" எங்கள் யாவாரி அப்படித்தான் பிடிப்பார். கல்லும் தூசியும் இல்லாமல் தூற்றிக் கொடுத்தாலும் பிடிப்பார், சாக்குக்குத் தனியாகக் கழிப்பார், ஈரம் என்று சொல்லி விலையில் வேறு குறைப்பார். அப்பாரு போய்ச் சேர்ந்துவிட்டார். போன தையில் அப்பா கொண்டுபோன மூட்டைகளுக்கும் அதே இரண்டு கிலோவைக் கழித்துத்தான் சீட்டு எழுதினார்கள்.