சாக்லேட் கேக்கை நாய் தின்றுவிட்டால்...

கேள்வி: எங்கள் நாய் 10 கிலோ இருக்கும். நாங்கள் அசந்த நேரத்தில் மேசைமேல் இருந்த சாக்லேட் கேக்கில் பாதியைத் தின்றுவிட்டது. இப்போது நன்றாகத்தான் ஓடியாடுகிறது. டாக்டரிடம் போக வேண்டுமா, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் போதுமா? ஆன்லைனில் நஞ்சை உறிஞ்சும் கரி மாத்திரை விற்கிறார்கள், வாங்கி வைக்கலாமா?

பதில்: முதலில் கால்நடை மருத்துவருக்கு போன் போடுங்கள், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். ஓடியாடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அறிகுறி தெரியவே 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம். சாக்லேட்டில் நாய்க்கு நஞ்சாக இருக்கும் தியோபுரோமின் என்ற பொருள் நாயின் உடம்பில் பாதி குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் பிடிக்கும். வாந்தி, பேதி, ஓயாத தாகம், படபடப்பு, நடுக்கம் என்று போய், முற்றினால் வலிப்பு.

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும். தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவரே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்.

எவ்வளவு ஆபத்து என்பது எந்த சாக்லேட் என்பதைப் பொறுத்தது. மில்க் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் தியோபுரோமின். டார்க்கில் 5, அதற்கு மேலும் இருக்கும். கோகோ பவுடரில் 20ஐத் தாண்டும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே தொந்தரவு தொடங்கும், 40-50இல் இதயம் பாதிக்கும், 60இல் வலிப்பு வரலாம். உங்கள் நாய் 100 கிராம் மில்க் சாக்லேட் தின்றால் 20 என்ற எல்லையில் நிற்கும். அதே 100 கிராம் டார்க் என்றால் 50. கேக்கில் கோகோ பவுடர் எத்தனை ஸ்பூன் போட்டார்கள் என்று செய்தவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். கடையில் வாங்கியதென்றால் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 'சுகர் ஃப்ரீ' என்று போட்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி (லேபிளில் E967 என்றும் இருக்கும்) இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். நாய்க்கு அது சாக்லேட்டைவிட வேகமாக வேலை காட்டும், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். உலர்திராட்சை இருந்தாலும் அப்படியே, சிறுநீரகத்துக்கு ஆகாது.

கரி மாத்திரைக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். மருத்துவர் கொடுப்பது கிலோவுக்கு 1 கிராம் கணக்கில். 250 மில்லிகிராம் மாத்திரை என்றால் உங்கள் நாய்க்கு 40 வேண்டும்! வாந்தி எடுக்கும் நாய்க்கு அதைத் திணித்தால் நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் வேறு.

கேக்கைச் சுற்றியிருந்த தாளும் பிளாஸ்டிக்கும் முழுசாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். காணோமென்றால் அதையும் விழுங்கியிருக்கலாம், குடலில் அடைக்கும். போனிலேயே சொல்லிவிடுங்கள்.